முடிவு வராத மரபணுப் பரிசோதனை: ஹெபாரின் ஊசியை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்கலாமா?

33 வயது வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருக்குச் சில ஆண்டுகளாக லூபஸ் நோய் உள்ளது. முதல் இரண்டு கருக்கள், ஒன்று 8ஆவது வாரத்திலும் மற்றொன்று 11ஆவது வாரத்திலுமாகக் கலைந்தன. அதன் பிறகு செய்த சோதனையில், ரத்தம் உறைவதைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள் இருப்பது தெரியவந்தது. இப்போது மூன்றாவது முறையாகக் கருவுற்று 14 வாரங்கள் முடிந்துள்ளன. தினமும் எனாக்ஸாபரின் ஊசி (ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் வகை மருந்து), குறைந்த அளவு ஆஸ்பிரின், லூபஸுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுத்துக்கொள்கிறார். எடை 102 கிலோ. குழந்தையின் குரோமோசோம் குறைபாடுகளைத் தாயின் ரத்தத்திலிருந்தே கணிக்கும் என்.ஐ.பி.டி. பரிசோதனைக்கு 10 வாரம் 2 நாளில் ரத்தம் கொடுத்தார். கரு டி.என்.ஏ. விகிதம் 2.7 சதவீதமே இருப்பதால் முடிவு சொல்ல இயலவில்லை என்று அறிக்கை வந்தது. 12ஆவது வாரத்தில் மீண்டும் எடுத்தபோது 3 சதவீதம், மறுபடியும் முடிவில்லை. குழந்தையின் பின்கழுத்தில் உள்ள நீரின் தடிமனை அளக்கும் என்.டி. ஸ்கேன் 12 வாரம் 4 நாளில் செய்யப்பட்டது, அது இயல்பாக இருந்தது. ஹெபாரின் ஊசியால்தான் சோதனை தோற்கிறது என்று எங்கோ படித்த அவர், மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு வாரம் ஊசியை நிறுத்திவிட்டு மூன்றாவது முறை ரத்தம் கொடுக்க எண்ணுகிறார். "குறை இருந்தால் கண்டுபிடித்திருப்பார்களே, முடிவு வரவில்லை என்றால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்" என்கிறார் கணவர். "உன் நோய் குழந்தையையும் பாதித்துவிட்டது" என்கிறார் உறவினர் ஒருவர். பனிக்குட நீர் எடுத்துச் சோதிக்கலாம் என்கிறார் மருத்துவர். மூன்றாவது கருவையும் இழந்துவிடுவோமோ என்று இவர் அஞ்சுகிறார். பரிசோதனைப் படிவத்தில் வயதையும் வாரத்தையும் மட்டுமே நிரப்பியதாகவும், அது தவறா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றவற்றைப் பிறகு பேசலாம், ஊசியை நிறுத்தாதீர்கள். உங்களுக்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் பிரச்சினை இருக்கிறது, ஏற்கெனவே இரண்டு கருக்களை இழந்திருக்கிறீர்கள். இந்த நிலையில் எனாக்ஸாபரினும் ஆஸ்பிரினும் தரப்படுவது கர்ப்பம் நிலைப்பதற்காகவும், உங்கள் ரத்தக்குழாய்களில் உறைகட்டி உண்டாகாமல் தடுப்பதற்காகவும்தான். ஒரு வார இடைவெளி என்பது கருவுக்கு மட்டுமல்ல, உங்கள் உயிருக்கும் ஆபத்தாக முடியலாம். அந்த ஆபத்தை ஏற்று நீங்கள் பெறப்போவது என்ன என்று பார்த்தால், அதுவும் நிச்சயமில்லை. ஹெபாரின் எடுக்கும் பெண்களிடம் முடிவு வராத அறிக்கைகள் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் காரணம் மருந்தா, அந்த மருந்தை எடுக்க வைத்த நோயா என்பது பிரித்தறியப்படவில்லை. இரண்டு ஊசிகளுக்கு நடுவே, அடுத்ததைப் போடுவதற்குச் சற்று முன் ரத்தம் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. அதனால் பலன் உறுதி என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அதில் இழப்பு ஒன்றுமில்லை. எனாக்ஸாபரின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் செல்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் ஓரிடத்தில் அந்தப் பயமும் தெரிகிறது.

சோதனை எதை எண்ணுகிறது?

கர்ப்பிணியின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்கின்றன என்று டென்னிஸ் லோவும் அவருடைய குழுவினரும் 1997இல் கண்டறிந்தனர். 2011 முதல் அதை வைத்து நடத்தப்படும் சோதனை புழக்கத்துக்கு வந்தது. கருவின் டி.என்.ஏ. என்று நாம் சொன்னாலும், அந்தத் துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியின் செல்கள் சிதையும்போது வெளியேறுபவை. குழந்தையும் நஞ்சுக்கொடியும் ஒரே கருமுட்டையிலிருந்து வளர்வதால் பெரும்பாலும் இரண்டின் குரோமோசோம்களும் ஒத்திருக்கும். அரிதாக நஞ்சுக்கொடியில் மட்டும் கோளாறு இருந்து, குழந்தை இயல்பாக இருப்பதும் உண்டு. இந்தச் சோதனை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதை உறுதிப்படுத்தும் சோதனை என்று நாங்கள் அழைக்காததற்கு இது ஒரு காரணம்.

உங்கள் ரத்த மாதிரியில் 100 துணுக்குகளை எடுத்துக்கொண்டால், 97 உங்களுடையவை, மூன்றுதான் நஞ்சுக்கொடியிலிருந்து வந்தவை. சோதனைக்கூடம் இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறது. குழந்தைக்கு 21ஆவது குரோமோசோம் மூன்று பிரதிகளாக இருந்தால் (இதுதான் டவுன் சிண்ட்ரோம்), கரு விகிதம் 10 சதவீதமாக உள்ள பெண்ணின் ரத்தத்தில் அந்தக் குரோமோசோமின் துணுக்குகள் வழக்கத்தைவிட 5 சதவீதம் கூடுதலாகத் தெரியும். விகிதம் 3 சதவீதமாக இருக்கும்போது அந்தக் கூடுதல் 1.5 சதவீதம்தான். அவ்வளவு சிறிய வேறுபாட்டை வைத்து "இருக்கிறது" என்றோ "இல்லை" என்றோ சொல்வது தவறாகிவிடும் என்பதால்தான் பல சோதனைக்கூடங்கள் 4 சதவீதத்தை எல்லையாக வைத்திருக்கின்றன. உங்களுக்கு முடிவு சொல்ல மறுத்த சோதனைக்கூடம் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது என்றே கருதுகிறேன். விகிதம் எவ்வளவு என்று குறிப்பிடாமலே "குறைந்த அபாயம்" என்று அச்சிட்டுத் தரும் அறிக்கையைவிட இது நேர்மையானது.

உங்கள் விகிதம் ஏன் குறைந்தது?

முதல் காரணம் எடையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எடை கூடும்போது ரத்தத்தின் கொள்ளளவு கூடுகிறது. நஞ்சுக்கொடி விடும் துணுக்குகள் அதில் நீர்த்துப்போகின்றன. அத்துடன் கொழுப்புத் திசுவின் செல்கள் தொடர்ந்து அழிந்து புதுப்பிக்கப்படுவதால் தாயின் சொந்தத் துணுக்குகளும் பெருகுகின்றன. 2013இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, 11 முதல் 13 வாரக் கர்ப்பத்தில் 60 கிலோ எடையுள்ள பெண்களில் 100க்கு ஒருவருக்கும் குறைவாகவே விகிதம் 4 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. 100 கிலோவில் 100க்கு ஏழு பேருக்கும், 160 கிலோவில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும் அப்படி ஆகிறது. இதற்காகக் கர்ப்ப காலத்தில் எடையைக் குறைக்க முயல வேண்டாம். அது விகிதத்தைக் கூட்டாது.

இரண்டாவது, லூபஸ். உடல் தன் திசுக்களையே தாக்கும் இந்த நோயில் செல்களின் சிதைவு அதிகம் என்பதால், ரத்தத்தில் உங்கள் டி.என்.ஏ. கூடுதலாக மிதக்கிறது. நோய் தணிந்திருக்கும்போதும் இது ஓரளவு தொடரக்கூடும். மூன்றாவது, முதல் மாதிரி எடுக்கப்பட்ட நேரம். 10 வாரம் 2 நாள் என்பது சோதனைக்கான கீழ் எல்லையை ஒட்டியது. என்.டி. ஸ்கேனில் குழந்தையின் நீளத்தை அளந்தபோது வாரக்கணக்கு மாற்றப்பட்டதா என்று அறிக்கையில் பாருங்கள். நான்கைந்து நாள் பின்தள்ளப்பட்டிருந்தால் முதல் சோதனை உரிய காலத்துக்கு முன்பே நடந்துவிட்டது என்றாகும். எடுத்த ரத்தம் சோதனைக்கூடத்தைச் சேரத் தாமதமானால் வெள்ளணுக்கள் உடைந்து உங்கள் டி.என்.ஏ. மேலும் கலந்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் இரண்டு முறையும் ஒரே மாதிரி வந்திருப்பதால் உங்கள் விஷயத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணவர் சொல்வதும் உறவினர் சொல்வதும்

இரண்டுமே சரியல்ல. முடிவு வரவில்லை என்றால் குறை இல்லை என்று பொருளாகாது. நஞ்சுக்கொடி சிறியதாக இருக்கும்போது விகிதம் குறையும். 13ஆவது, 18ஆவது குரோமோசோம் கோளாறுகளிலும், எல்லாக் குரோமோசோம்களும் மூன்று பிரதிகளாக இருக்கும் டிரிப்ளாய்டியிலும் நஞ்சுக்கொடி பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். எனவே முடிவு வராத பெண்களை ஒரு தொகுதியாகப் பார்த்தால், குரோமோசோம் குறைபாட்டின் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே தெரிகிறது. மரபணு ஆலோசனையும் விரிவான ஸ்கேனும் உறுதிப்படுத்தும் சோதனையும் அவர்களுக்கு வழங்கப்பட வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்வது இதனால்தான். உங்கள் மருத்துவர் பனிக்குட நீர்ச் சோதனையைப் பற்றிப் பேசியது பயமுறுத்துவதற்காக அல்ல, அது அவருடைய கடமை.

அதே நேரம் உங்கள் விகிதம் குறைந்ததற்கு எடை, லூபஸ் என்று வலுவான வேறு விளக்கங்கள் இருக்கின்றன. விளக்கம் கிடைக்காத குறைந்த விகிதத்தைவிட இது கவலை குறைவானது. நான் சொன்ன மூன்று குறைபாடுகளும் பெரும்பாலும் 12 வார ஸ்கேனிலேயே ஏதாவது ஓர் அடையாளத்தைக் காட்டிவிடும். உங்கள் ஸ்கேன் இயல்பாக இருந்திருக்கிறது. டவுன் சிண்ட்ரோமைப் பொறுத்தவரை, குறைந்த விகிதத்தோடு அதற்கு வலுவான தொடர்பு இல்லை. 33 வயதில் அதன் வாய்ப்பு ஏறக்குறைய 600இல் ஒன்று, என்.டி. அளவு இயல்பாக இருப்பது அதை மேலும் குறைக்கிறது.

உறவினர் சொன்னதற்கு நீண்ட பதில் தேவையில்லை. மேலே சொன்ன டிரைசோமிகள், அதாவது ஒரு குரோமோசோம் மூன்று பிரதிகளாக இருக்கும் குறைபாடுகள், பெரும்பாலும் கருமுட்டை முதிரும்போது குரோமோசோம்கள் பிரிவதில் ஏற்படும் பிழையால் உண்டாகின்றன. வயதோடு அதற்குத் தொடர்பு உண்டு. லூபஸோ எடையோ ஊசியோ அந்தப் பிழையை உண்டாக்குவதில்லை. அவை கெடுத்திருக்கக்கூடியது சோதனையின் கணக்கை மட்டும்தான்.

இனி உள்ள வழிகள்

*மூன்றாவது முறை ரத்தம் கொடுப்பது.* 10 முதல் 20 வாரம் வரை கரு விகிதம் வாரத்துக்குச் சராசரியாக 0.1 சதவீதப் புள்ளி அளவில்தான் உயர்கிறது. 3 சதவீதத்தில் இருக்கும் உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம் காத்திருந்தாலும் 4ஐத் தொடும் என்று எதிர்பார்க்க இடமில்லை. முதல் முறை தோற்றவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோருக்கு இரண்டாவது முறையில் முடிவு கிடைத்துவிடுகிறது. நீங்கள் அந்த வாய்ப்பைக் கடந்துவிட்டீர்கள். குறைந்த விகிதத்திலும் முடிவு தரும் முறைகளைக் கொண்ட சோதனைக்கூடங்கள் இருக்கின்றன என்பதால் இந்த வழியை முற்றிலும் ஒதுக்கவில்லை. ஆனால் முடிவுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் மற்ற வழிகளுக்கான காலத்திலிருந்து கழிகிறது. கர்ப்பத்தைத் தொடர்வது பற்றிய முடிவுகளுக்குச் பெரும்பாலான நாடுகளில் சட்டம் ஏதாவது ஒரு கால வரம்பு வைத்திருப்பதால், முயல்வதானால் எந்தத் தேதிக்கு மேல் காத்திருப்பதில்லை என்று முன்கூட்டியே மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

*நான்கு பொருள் ரத்தச் சோதனை.* 15ஆவது வாரத்துக்குப் பிறகு ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி., எஸ்ட்ரியால், இன்ஹிபின் ஆகியவற்றை அளந்து செய்யப்படும் பழைய சோதனை இது. கரு டி.என்.ஏ. விகிதத்தைச் சார்ந்ததல்ல என்பது இதன் நன்மை. டவுன் சிண்ட்ரோம் உள்ள கர்ப்பங்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தை இது கண்டுகொள்ளும். இயல்பான கர்ப்பங்களில் 100க்கு ஐந்தை வீணாகச் சந்தேகிக்கும். எடைக்கேற்ற திருத்தத்தைக் கணக்கில் செய்துகொள்ளலாம், சரியான எடையைப் படிவத்தில் எழுதியிருந்தால். ஆனால் உங்கள் நிலையில் நஞ்சுக்கொடி தொல்லைப்படும்போது ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி., இன்ஹிபின் மூன்றுமே உயரக்கூடும். குழந்தையின் குரோமோசோம்கள் இயல்பாக இருந்தும் அறிக்கை "அதிக அபாயம்" என்று வரலாம். அப்போது நீங்கள் பனிக்குட நீர்ச் சோதனை பற்றிய இதே கேள்விக்குத்தான் திரும்பி வருவீர்கள், கூடுதல் கலக்கத்தோடு. இதை நான் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

*பனிக்குட நீர்ச் சோதனை.* 15 வாரம் நிறைந்த பிறகு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் சிறிதளவு நீர் எடுக்கப்படும். ஊசி உங்கள் தோலையும் தசையையும் கடந்து வருவதால் முதலில் வரும் ஓரிரு மில்லி நீரைத் தனியே ஒதுக்கிவிட்டு அடுத்ததையே அனுப்புவார்கள். அதில் மிதப்பவை குழந்தையின் செல்கள். உங்கள் எடையோ, லூபஸோ, மருந்தோ அந்த முடிவைக் குழப்பாது. 13, 18, 21 குரோமோசோம்களுக்கான முதற்கட்ட முடிவு இரண்டு மூன்று நாளில் கிடைக்கும். முழு ஆய்வுக்கு இரண்டு வாரம் போலப் பிடிக்கும். இந்தச் சோதனையால் கூடுதலாக ஏற்படும் கருச்சிதைவு, தேர்ந்த கைகளில் 1,000க்கு ஒன்று முதல் மூன்று வரை என்று அண்மைக்கால ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. வயிற்றுச் சுவர் தடிமனாக இருந்தால் ஸ்கேனில் தெளிவு குறையும், ஊசி செல்லும் தொலைவும் கூடும். ஆகவே இதை அடிக்கடி செய்யும் கருநல நிபுணரிடம் செல்லுங்கள்.

இதற்கும் ஹெபாரினை நிறுத்த வேண்டாமா என்று கேட்பீர்கள். உங்கள் அளவைப் பொறுத்துச் சில மணி நேர இடைவெளி மட்டும், மருத்துவர் குறித்துத் தரும் நேரப்படி விடப்படும், எப்போது மீண்டும் தொடங்குவது என்பதும் எழுதித் தரப்படும். நீங்களாக ஒரு வாரம் நிறுத்துவதும் இதுவும் ஒன்றல்ல. உங்கள் ரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் வகையாக இருந்தால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் ஆன்டிபாடி உண்டாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

இரண்டு இழப்புகளுக்குப் பிறகு 1,000க்கு மூன்று என்ற எண் உங்களுக்குச் சிறியதாகத் தோன்றாது என்பது எனக்குப் புரிகிறது. ஆன்டிபாஸ்போலிப்பிட் உள்ள கர்ப்பத்தில் ஊசி படாமலேயே சிக்கல் வர இடமுண்டு. சோதனைக்குப் பின் எது நேர்ந்தாலும் பழி அந்த ஊசியின் மேலும், ஒப்புக்கொண்ட உங்கள் மேலும் விழும். இதைக் கணவரோடு முன்னதாகவே பேசிவிடுங்கள்.

*வேறு சோதனை செய்யாமல் ஸ்கேனோடு நிற்பது.* இதுவும் முறையான தேர்வுதான், யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. டவுன் சிண்ட்ரோம் இருந்தாலும் கர்ப்பத்தைத் தொடர்வோம் என்று நீங்கள் இருவரும் கருதினால், 18 முதல் 20 வாரத்தில் விரிவான ஸ்கேன் செய்துகொண்டு, அதில் ஏதேனும் தெரிந்தால் மட்டும் பனிக்குட நீர்ச் சோதனையை யோசிக்கலாம். முதல் முறை குழந்தையின் இதயமோ முதுகெலும்போ தெளிவாகத் தெரியாவிட்டால் ஓரிரு வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் எல்லோருக்கும் ஸ்கேனில் அடையாளம் தெரிவதில்லை என்பதை அறிந்தே இந்த வழியில் செல்ல வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், முடிவு தெரியாமல் இருப்பதே உங்களை வாட்டுகிறது, தெரிந்தால் உங்கள் தீர்மானம் மாறக்கூடும் என்றால் பனிக்குட நீர்ச் சோதனைக்கே செல்லுங்கள். எந்த முடிவும் உங்கள் தீர்மானத்தை மாற்றாது என்றால் ஸ்கேன் போதும். இரண்டுக்கும் நடுவே ரத்தச் சோதனைகளை அடுக்கிக்கொண்டே போவதுதான் எனக்கு உடன்பாடில்லாதது.

படிவத்தில் எழுதாமல் விட்டவை

நீங்கள் லூபஸையும் ஊசியையும் குறிப்பிடாததால் உங்கள் விகிதம் குறையவில்லை. குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் குறிப்பிட்டிருந்தால் முதல் அறிக்கையிலேயே யாராவது இதை விளக்கியிருக்கக்கூடும். நம் உடல்நிலை பற்றிய செய்தி மருத்துவருக்குத்தான், ரத்தம் எடுப்பவருக்கு எதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தச் சோதனையில் எண்ணப்படுவதில் பெரும்பகுதி தாயின் டி.என்.ஏ. என்பதால், தாயைப் பற்றித் தெரியாமல் முடிவைப் படிக்க முடியாது.

உறுப்பு மாற்று அல்லது எலும்பு மஜ்ஜை மாற்று நடந்திருந்தால் கொடுத்தவரின் டி.என்.ஏ.யும் உங்கள் ரத்தத்தில் இருக்கும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் சொல்ல வேண்டும். இரட்டைக் கருவில் ஒன்று தொடக்கத்திலேயே நின்றுபோயிருந்தால் அதன் துணுக்குகள் பல வாரங்கள் தங்கி, உயிரோடிருக்கும் குழந்தையின் கணக்கில் சேர்ந்துவிடும். வயது கூடும்போது சில பெண்களின் செல்களில் ஓர் எக்ஸ் குரோமோசோம் தொலைந்துபோவதுண்டு. அது குழந்தையின் எக்ஸ் குறைபாடு போலத் தோன்றிவிடும். கருப்பையின் நார்க்கட்டிகளும், கடுமையான பி12 பற்றாக்குறையும்கூட விசித்திரமான முடிவுகளைத் தந்ததுண்டு. செயற்கைக் கருத்தரிப்பில் விகிதம் சற்றுக் குறைவு. நான்கு பொருள் சோதனை போன்றவற்றுக்கு நீரிழிவு, புகைப்பழக்கம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது எச்.சி.ஜி. ரத்தத்திலேயே தேங்கி, வீண் எச்சரிக்கைக்கு வழி செய்யும்.

ஒரே அறிக்கையில் பல குரோமோசோம்களில் கோளாறு தெரிந்தால் அதைக் குழந்தையின் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படிப்பட்ட அசாதாரண அறிக்கைகள் வந்த 107 பெண்களை முழுமையாகப் பரிசோதித்த அமெரிக்க ஆய்வு 2024இல் வெளியானது. அவர்களில் 52 பேருக்குத் தாங்களே அறியாத புற்றுநோய் இருந்தது. உங்கள் அறிக்கை அந்த வகை அல்ல. விகிதம் குறைவு என்பது வேறு, பல குரோமோசோம்களில் கோளாறு என்பது வேறு. அறிக்கையைத் தேடிப் பார்த்துக் குழம்பிவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டியவை

இரண்டு அறிக்கைகளையும், எடையையும் மருந்துகளையும் எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள். ஊசியை நிறுத்த நினைத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஓரிரு ஊசி ஏற்கெனவே விடுபட்டிருந்தால் சந்திப்புக்குக் காத்திராமல் இன்றே தெரிவியுங்கள். குறைந்த கரு விகிதத்துக்கும் பிற்காலத்தில் வரும் ரத்த அழுத்த உயர்வுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆன்டிபாஸ்போலிப்பிட் காரணமாகவே உங்களுக்கு அந்தக் கண்காணிப்பு தேவை என்பதால், வளர்ச்சி ஸ்கேன்கள் எந்தெந்த வாரங்களில் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று: லூபஸ் உள்ள சில பெண்களின் ரத்தத்தில் இருக்கும் ஆன்டி-ரோ என்ற ஆன்டிபாடி குழந்தையின் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும். அதற்கும் குரோமோசோமுக்கும் தொடர்பில்லை, என்.ஐ.பி.டி. அதைக் காட்டவும் செய்யாது. அந்தச் சோதனை உங்களுக்குச் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். இருப்பதாகத் தெரிந்தால் 16ஆவது வாரத்திலிருந்து குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து பார்க்க ஏற்பாடு செய்வார்கள். உங்களுக்கு அதற்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.